இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிசை

ஜூலை 24, வியாழன்

இல்லை, அவன் முகம் எனக்கு நினைவில்லை. மே மாதப் பயிற்சிக்கு வந்தவர்கள் முப்பது பேருக்கு மேல். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை, வெயிலில் கருத்த ஒரே கழுத்து. நினைவிருந்தே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை.

இசக்கிராஜ். வயது முப்பத்தொன்று. செவ்வாய் மாலை 4:09. காற்றாலைப் பண்ணையின் ஏழாம் ஃபீடர் மின்தடம், நாற்பத்தோராம் கம்பம். செய்தித்தாளில் நான்கு வரிகள். அதில் ஒரு வரி பண்ணையில் எத்தனை காற்றாலைகள் என்பது.

கம்பத்தில் ஆள் இருக்கும்போது கம்பியில் மின்சாரம் வந்துவிட்டது. வந்தது என்று எழுதுகிறேன். அது தானாக வருவதில்லை. சுவிட்சைப் போட்டவர் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர் மிக்கேல். கைது, ஜாமீன், வேலைநீக்கம். இரண்டு நாளில் மூன்றும்.

கம்பத்தில் ஏறுகிறவர் முதலில் லைன் கிளியர் வாங்க வேண்டும். அதாவது கட்டுப்பாட்டு அறையில் பெயரையும் நேரத்தையும் பதிந்து, அந்த ஃபீடரை நிறுத்தி வாங்குவது. இறங்கியதும் திரும்ப ஒப்படைப்பது. ஒப்படைக்கும்வரை சுவிட்சை எவரும் தொடக் கூடாது. மே மாதம்வரை இது நோட்டுப் புத்தகத்தில் நடந்தது. அதன்பின் எங்கள் ஆப்பில். ஆப்பை எழுதியவள் நான்.

ரகுநந்தன் சார் என் மேசைக்கே வந்தார். நிறுவனம் அவருடையது, நாங்கள் ஆறு பேர். எப்போதும் கூப்பிடுவார், வரமாட்டார்.

"தமயந்தி, நம்ம பக்கம் ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் நீ போயி டேட்டாவ எடுத்துட்டு வந்துரு. அடுத்த வெள்ளிக்கிழமை மின் ஆய்வாளர் விசாரணை. அதுக்கு முன்னாடி அறிக்கை குடுக்கணும்."

"அறிக்கையில என்ன இருக்கணும் சார்?"

"என்ன இருக்கோ அதுதான்." கதவு வரை போய்த் திரும்பினார். "அந்தப் பையன் எழுதாமலே ஏறிட்டான்னு அங்க பேசிக்கிடுதாங்க."

விடுதியில் தண்ணீர் வரவில்லை. இரண்டு வாளி பிடித்து வைத்தேன்.


ஜூலை 25, வெள்ளி

ஆறு மணிப் பேருந்து. வள்ளியூர் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடிகள் தாமாக அதிரத் தொடங்கின. ஆடிக் காற்று. இந்தப் பருவத்தில் ஒரு ஃபீடரை நிறுத்தினால் எட்டுக் காற்றாலைகள் சும்மா நிற்கும். அதனால் அங்கே எல்லோரும் பாதி வாக்கியத்தில் பேசுகிறார்கள்.

கட்டுப்பாட்டு அறைச் சுவரில் நான்கு திருகாணி ஓட்டைகள். அங்கே ஒரு பலகை இருந்தது. ஃபீடருக்கு ஓர் ஆணி. லைன் கிளியர் வாங்குகிறவர் தன் பைக் சாவியை அந்த ஆணியில் மாட்டிவிட்டு, பண்ணை ஜீப்பில் வேலைக்குப் போவார். திரும்பி வந்து ஒப்படைத்துவிட்டுத்தான் எடுப்பார். சாவி தொங்கினால் ஆள் இன்னும் கம்பத்தில். நோட்டில் எழுத மறந்தாலும் சாவியை மறந்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பலகை இப்போது பேட்டரி அறையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. ஏன் கழற்றினார்கள் என்று நான் கேட்கவில்லை.

காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் வேலாண்டி. இசக்கிராஜ் லைன் கிளியர் வாங்கியிருந்தால் இவரிடம்தான் வாங்கியிருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு மிக்கேல் வந்து பொறுப்பேற்றார்.

"நீங்க குடுத்தீங்களா அண்ணாச்சி?"

"குடுத்தேன்னுதான் நினைக்கேன்." திரையைப் பார்த்தார். "ஆனா இதுல இல்லையே மேடம். இதுல இல்லாதத நான் எப்படிச் சொல்ல? என்னையும் உள்ள தூக்கிப் போடவா?"

கம்பத்தடியில் நின்ற உதவியாள் தவசி போலீசிடம் சொன்னது வேறு: காலையில் இருவரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனார்கள், இசக்கிராஜ் ஆப் இருக்கும் டேப்லெட்டில் விரல் வைத்ததைத் தான் பார்த்ததாக. மாலையில் வேலை முடிந்து, பாதுகாப்புக்கு மாட்டிய எர்த் கம்பியைக் கழற்றிக் கீழே போட்டாயிற்று. இடுப்புப் பட்டையை அவிழ்க்கவில்லை. அவ்வளவு நேரம்தான் பாக்கி. தவசி தினக்கூலி. அவர் சொல்லை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தரவுத்தளம் டேப்லெட்டுக்குள்ளேயே இருக்கிறது. டவர் நிலையாகக் கிடைக்காத இடம், சர்வர் கிடையாது. மூன்று கோப்புகள்: ஒரு முதன்மைக் கோப்பு, இரண்டு துணைக் கோப்புகள். முதன்மையை மட்டும் பிரதி எடுப்பது எல்லோரும் செய்யும் தவறு. கடைசியாக எழுதப்பட்டவை துணைக் கோப்பில்தான் நிற்கும். ஆப்பை முறையாக மூடினால் முதன்மையோடு சேர்ந்து, துணைக் கோப்பு மறைந்துவிடும். நான் ஆப்பை மூடவில்லை. மூன்றையும் எடுத்தேன். மூலத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இந்த விஷயங்களில் நான் கவனமானவள்.

வெளியே தகரக் கொட்டகையில் ஒரு பைக்கைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பூட்டியிருந்ததால் முன்சக்கரம் திரும்பவில்லை. நான்கு பேர் தூக்கினார்கள். சாவி இசக்கிராஜின் சட்டைப்பையில் இருந்து போலீசிடம் போய்விட்டதாம். வண்டியோடு வந்தவர் அவன் அண்ணன்.

"நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர் மேடமா?"

"ஆமா."

"வீட்டுல அவன் பொண்டாட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. வேற ஒண்ணும் பேச மாட்டேங்கா. 'எழுதாம ஏறுனாவளா?'ன்னு. பதினோரு வருசம் கம்பம் ஏறுனவன் மேடம். உங்க டப்பாவுல பாத்துச் சொல்லிருங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.


ஜூலை 26, சனி

பிரதியைத் திறந்தேன். முதலில் பழுது இருக்கிறதா என்று அதையே கேட்டேன். "சரி" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. பழுதில்லை.

செவ்வாய்க்கிழமை, ஏழாம் ஃபீடர். ஒரே ஒரு வரிசை:

213. ஆறுமுகநயினார். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கசிவு. வாங்கியது 2:32. ஒப்படைத்தது 4:05.

அதற்கு முந்தையது 211. மூன்றாம் ஃபீடர், காலை 7:15. வேறு ஆள், வேறு இடம்.

212 இல்லை.

எண்களை நான் கொடுப்பதில்லை. தரவுத்தளம் தானே கொடுத்துக்கொள்ளும், ஒவ்வொன்றாக. ஒருமுறை கொடுத்த எண்ணை மறுபடி எவருக்கும் கொடுக்காது. 211க்குப் பிறகு 213 என்றால், 212 ஒருகாலத்தில் இருந்தது. காலை 7:15க்கும் பிற்பகல் 2:32க்கும் நடுவில் பிறந்தது.

ஆப்பில் அழிக்கும் பொத்தான் கிடையாது. அது வேண்டாம் என்று நானே பிடிவாதமாக நின்றேன். யாரும் எதையும் அழிக்க முடியாது என்று பயிற்சியில் பெருமையாகச் சொன்னதும் நான்தான்.

அறைத்தோழி ஜெனிட்டா எட்டிப் பார்த்தாள். பி.எட். படிக்கிறாள், எல்லாவற்றையும் வகுப்பறைக் குரலில் கேட்பாள்.

"என்னடி அப்படி உத்துப் பாக்க? மாப்பிள்ளை போட்டோவா?"

"ஒரு நம்பரக் காணோம்."

"ஒரு நம்பர்தான? என் ஹால் டிக்கெட்டையே காணோம்."

துவைத்த துணி மொட்டைமாடியில். ஒரு துப்பட்டாவைக் காற்று கொண்டுபோய்விட்டது.


ஜூலை 27, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். கோப்பைத் திறக்கவில்லை.


ஜூலை 28, திங்கள்

துணைக் கோப்பில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு முழுப் பக்கமாகப் பின்னால் பின்னால் சேர்ந்துகொண்டே போகும். பழைய பக்கத்தின் மேல் எழுதாது. அதனால் ஒரே பக்கத்தின் காலைத் தோற்றமும் மாலைத் தோற்றமும் அதில் அடுத்தடுத்துக் கிடக்கும். சாதாரணமாகத் திறந்தால் கடைசித் தோற்றம் மட்டுமே தெரியும். நான் கோப்பைச் சாதாரணமாகத் திறக்கவில்லை. பைட் பைட்டாகப் படித்தேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தது. பதினொன்று ஐம்பதுக்குக் கிடைத்தது.

212. இசக்கிராஜ். ஏழாம் ஃபீடர், 41ஆம் கம்பம், இன்சுலேட்டர் மாற்றம். வாங்கியது 7:40. ஒப்படைத்தது: வெற்று.

அதே பக்கத்தின் அடுத்த தோற்றம், பிற்பகல் 2:32. 213 இருக்கிறது. 212 இல்லை. ஒரு நொடியில், ஒரே செயலில், ஒன்று வந்தது, மற்றது போனது.

அவன் எழுதிவிட்டுத்தான் ஏறினான்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அண்ணனுடைய எண் என்னிடம் இருக்கிறது. அழைக்கவில்லை. முழுதும் தெரிந்த பிறகு அழைக்கலாம் என்று.

பிற்பகல்: முழுதும் தெரிந்தது.

தொடக்கத்தில் அட்டவணைக்கு ஒரு விதி இருந்தது. ஒரு ஃபீடரில் ஒப்படைக்காத லைன் கிளியர் ஒரு சமயத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். அதே ஃபீடரில் இரண்டாவது குழு வாங்க வந்தால் தரவுத்தளம் மறுத்துவிடும். சிவப்பில் பிழைச்செய்தி வந்து ஆப் நின்றுவிடும். மே 19 அன்று நின்றது. மிக்கேல் தொலைபேசியில்: "ரெண்டாவது பார்ட்டிக்குப் போட்டா சிவப்பா என்னமோ வந்து நின்னுருது மேடம், ஆளு வெயில்ல காத்துக் கிடக்கான்." மே 20 மாலை 6:50க்கு நிரலில் ஒரு கட்டளை மாற்றப்பட்டிருக்கிறது. "சேர்" என்று இருந்தது "சேர், ஏற்கெனவே இருந்தால் அதை மாற்று" என்று ஆகியிருக்கிறது. பக்கத்தில் குறிப்பு: பிழை சரிசெய்யப்பட்டது.

அதன்பின் பிழைச்செய்தி வரவில்லை. இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் காணாமல் போவார். இரண்டாவது ஆள் ஒப்படைத்ததும் திரை பச்சை, சுவிட்ச் போடலாம் என்று.

தரவுத்தளம் சரியாகத்தான் இருந்தது. மாட்டேன் என்றது. அதன் வாய் அடைக்கப்பட்டது.

மே 20 முதல் ஜூலை 22 வரை விடுபட்ட எண்களை எண்ணினேன். பதினேழு. பதினேழு முறை ஓர் ஆள் கம்பத்தில் இருந்தார், பதிவில் இல்லை. பதினாறு முறை ஒன்றும் ஆகவில்லை.


ஜூலை 29, செவ்வாய்

ரகுநந்தன் சாரின் அறை. கதவைச் சாத்தச் சொன்னார். எல்லாவற்றையும் திரையில் காட்டினேன். அவரும் நிரலாளராக இருந்தவர்தான். பாதியிலேயே புரிந்துவிட்டது; கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"டபுள் டச்சா இருக்கலாம்ல? ரெண்டு தடவ அமுக்கி..."

"பேரு வேற சார். ஏழு மணி நேரம் இடைவெளி."

"அந்தக் கட்டளைய மாத்துனது யாரு?"

"தெரியும் சார்."

"தெரியும்னா?"

"நான்தான்."

மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார். குரல் மிக மென்மையாகிவிட்டது.

"இங்க பாரு. நீ கெட்ட எண்ணத்தோட செய்யல. ஒரே ஃபீடர்ல ரெண்டு பேரு வாங்குவாங்கன்னு அவங்க ஒருத்தருமே நமக்குச் சொல்லல. சொன்னாங்களா?"

நான் திரையை ஒரு வரி கீழே நகர்த்தினேன்.

"சொல்லல. அப்ப அது அவங்க தப்பு. ஆபரேட்டர் ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு லைன சார்ஜ் பண்ணியிருக்கணும். அறிக்கையில 'பதிவுகளின்படி அந்த நேரத்தில் நிலுவை ஏதும் இல்லை'ன்னு போடுவோம். பொய்யில்ல அது. பதிவு அப்படித்தான சொல்லுது?"

"துணைக் கோப்பு அப்படிச் சொல்லல சார்."

"எந்தத் துணைக் கோப்பு? அந்த டேப்லெட்ட நேத்தே ரீசெட் பண்ணிட்டாங்க. பண்ணை மேனேஜர் போன் பண்ணாரு."

ஆக, 212 இப்போது என் பென் டிரைவில் மட்டும். அவருக்கு அது தோன்றியதா என்று தெரியவில்லை. தோன்றியிருக்கும்.

இதே ஆப் இன்னும் நான்கு பண்ணைகளில் ஓடுகிறது. திருத்தம் ஒரே வரி. எழுதி வைத்துவிட்டேன். அனுப்பலாமா என்று கேட்டேன்.

"விசாரணைக்கு முன்னாடி அனுப்புனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். வெள்ளிக்கிழமை முடியட்டும். மூணு நாள்தான?"

மூன்று நாள்தானே என்று நானும் நினைத்தேன். நினைத்ததை எழுதிவைக்கிறேன்.

வரும் வழியில் செருப்பு அறுந்தது. தைத்துக்கொண்டேன்.


ஜூலை 30, புதன்

அரைநாள் விடுப்பு. மிக்கேல் வீட்டைத் தேடிப் போனேன். திசையன்விளைக்கு முன்னால், தேரியின் செம்மணல் தொடங்குகிற இடம். அவர் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடி உள்ளே போனார். திரும்பி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் இருந்த நேரம் முழுக்க அந்தக் கை அங்கேயே இருந்தது. காப்பித் தம்ளரை இடது கையால் எடுத்தார்.

"திரையில என்ன இருந்துச்சு அண்ணாச்சி?"

"பச்சை. ஏழாம் நம்பர் பச்சை, நிலுவை பூஜ்யம். நயினார் வந்து ஒப்படைச்சான். மேனேஜர் போன்ல, 'என்ன மிக்கேல், காத்து சும்மா போகுது, நீ என்ன உறங்குதியா'ன்னாரு. போட்டேன்." தம்ளரைத் தரையில் வைத்தார். "முன்னன்னா ஆணியப் பாப்பேன். ஆணியில சாவி கிடந்தா கர்த்தரே இறங்கி வந்து போடச் சொன்னாலும் போட மாட்டேன். ஒரே ஆணியில மூணு சாவிகூடத் தொங்கியிருக்கு."

ஓர் ஆணியில் எத்தனை சாவி வேண்டுமானாலும் தொங்கும். என் அட்டவணையில் ஒன்றுதான்.

சொன்னேன். இடையில் நிறுத்தாமல், அவர் முகத்தைப் பார்க்காமல், மே 20இலிருந்து. அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டார்.

"அப்போ எங்க வீட்டுக்காரரு மேல தப்பில்லன்னு ஆகுதுலா?" என்றார்.

"நீ சும்மா இரு ரோஸ்." என்னிடம்: "மேடம், ஜூன் மாசம் நான் உங்களுக்கு ஒரு போன் போட்டேன்லா?"

"போட்டீங்க."

"வேல முடிஞ்சு ஒப்படைக்க வாரவனுக்குச் சில நேரம் பேரே காங்கலியேன்னு கேட்டேன்."

"ஆமா."

"என்ன சொன்னீய?"

"ரிஃப்ரெஷ் பண்ணச் சொன்னேன்."

"பண்ணேன்" என்றார்.

 பக்கத்து வீட்டில் குக்கர் விசில். ரோஸ் உள்ளே போனார்.

"நீங்க இத எங்க போயி சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி, அமுக்குனது என் கைதான். அது மாறாது. உங்கள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்லாருங்கன்னும் சொல்ல மாட்டேன். ஆனா அவன் எழுதாம ஏறுனாம்னு சொல்லுதாங்க பாத்தீங்களா, அத மட்டும் மாத்திப்புடுங்க. அவன் பொண்டாட்டிக்கு அது ஆகாது."

எழுந்தேன். வாசல்வரை வந்தார்.

"மத்த பண்ணையிலயும் இந்த ஆப்தான? அங்கல்லாம் நிறுத்தச் சொல்லியாச்சுலா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதப்போவதில்லை.


ஜூலை 31, வியாழன்

காலையில் ரகுநந்தன் சார் அறிக்கையைக் கையெழுத்துக்கு அனுப்பினார். நான்கு பக்கம். "பதிவுகளின்படி." எங்கே கையெழுத்திட வேண்டும் என்று பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. பிறகு தருகிறேன் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தம் கையெழுத்தை மட்டும் போட்டு இன்னொரு பிரதியை அனுப்பிவிட்டதாக மாலையில் தெரிந்தது.

"அவங்க ஒருத்தருமே நமக்குச் சொல்லல. சொன்னாங்களா?"

இரண்டு நாளாக இந்தக் கேள்வி. இந்த நாட்குறிப்பிலேயே பின்னால் புரட்டினேன். மே 9. அந்தப் பக்கத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை:

"பண்ணையில் பயிற்சி. காற்று, கண்ணெல்லாம் மண். பழைய லைன் கிளியர் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். சில நாட்களில் ஒரே ஃபீடருக்கு இரண்டு கையெழுத்து. இரண்டாவது சாட்சியா? கேட்க வேண்டும். ஆணிப் பலகை பார்க்க அழகு, ஆனால் ஆப் வந்தபின் இரட்டை வேலை. அகற்றலாம் என்று அறிக்கையில் சேர்க்க வேண்டும். பயிற்சியில் ஒருவன், மேலுதட்டில் தழும்பு, பைக் சாவியைத் தூக்கிக் காட்டி, 'மேடம், இத இனிமே எங்க மாட்ட?' என்றான். 'பைக்குலயே மாட்டுங்க' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும். பெயர் கேட்டேன், இசக்கிராஜ். மதியம் சாளைமீன் குழம்பு. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்."

அவ்வளவுதான் பக்கம்.

கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். கேட்கவில்லை. பலகையைக் கழற்றச் சொன்ன அறிக்கை என்னுடையது. மே 20 அன்று கட்டளை "மாற்றப்பட்டிருக்கிறது" என்று திங்கள்கிழமை எழுதினேன். மாற்றினேன். நான் மாற்றினேன். ஆறரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது, விட்டுவிட்டேன், எரிச்சலில் இருந்தேன், பிழைச்செய்தியைப் படிக்காமல் அதை வராமல் ஆக்கினேன்.

தழும்பு இடப்பக்கம். சிரித்தால் அது மேலே ஏறும். முன்பற்களில் ஒன்று சற்றே குறுக்கு. சாவியில் ஒரு சின்னச் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

ஜெனிட்டா கேட்டாள், "ஏன்டி சாப்பிட வரல?" பசியில்லை என்றேன். தட்டில் இரண்டு சப்பாத்தி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது.

அண்ணனை அழைத்தேன்.

"எழுதிட்டுத்தான் ஏறியிருக்காரு. காலையில ஏழு நாப்பதுக்கு."

மறுமுனையில் அவர் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. ஒரு பெண் குரல். அழுகையா என்று பிரித்தறிய முடியவில்லை. அவர் திரும்ப வந்தார்.

"அப்போ ஏன் மேடம் டப்பாவுல இல்ல?"

"அழிஞ்சுருச்சு. அழிச்சது நான் எழுதின புரோகிராம்."

அவர் தொடர்பைத் துண்டிக்கவில்லை.  அவர் பக்கம் அடிக்கிற காற்றைக் கேட்டேன். பிறகு நான்தான் வைத்தேன்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

காலை 7:30. திருத்தத்தை அனுப்பும் கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. எதிர்பார்த்ததுதான். கட்டுப்பாட்டு அறைகளின் தொலைபேசி எண்கள் மே மாதப் பயிற்சித் தாளில் இருந்தன. விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழைத்தேன்.

முதல் பண்ணை: "அப்போ நோட்டப் போட்டுருவோம் மேடம். கிழிச்சுப் போடல, இருக்கு." என்ன ஏது என்று கேட்கவில்லை.

இரண்டாவது: "எழுத்துல குடுங்க. வாய்ல சொன்னா மேனேஜர் கேக்க மாட்டாரு." புகைப்படம் எடுத்து அனுப்பினேன். கையால் எழுதியது: திரை பச்சை காட்டினாலும் நம்ப வேண்டாம். ஆளை நேரில் பார்க்காமல் சுவிட்ச் போட வேண்டாம். சாவியை வாங்கி வையுங்கள். கீழே பெயர், கையெழுத்து.

மூன்றாவது: ஒரு பெண் ஆபரேட்டர். நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "போன வாரம் எங்க மாரியப்பன் கம்பத்துல இருக்கும்போதே பச்சை காட்டுச்சுக்கா. ஜன்னல்ல அவன் தெரிஞ்சான். அதான் போடல" என்றாள்.

நான்காவது, கயத்தாறுப் பண்ணை: மணி அடித்தது. எடுக்கவில்லை.

10:30. மின் ஆய்வாளர் அலுவலகம். ரகுநந்தன் சார் ஏற்கெனவே வெளி பெஞ்சில் இருந்தார். என் கையில் இருந்த பையைப் பார்த்தார். "யோசிச்சுக்கோ தமயந்தி" என்றார். கோபமாக இல்லை. எனக்கு ஒதுங்கி இடம் விட்டார், நான் உட்காரவில்லை.

ஆய்வாளர் வயதானவர், கணினியோடு பழக்கமில்லாதவர். அது ஒரு வகையில் உதவியது. ஒவ்வொன்றையும் சாதாரணச் சொற்களில் சொல்ல வேண்டியிருந்தது. காலைப் பக்கத்தின் அச்சையும் மதியப் பக்கத்தின் அச்சையும் அருகருகே வைத்தேன். அவர் விரலால் 211இல் தொடங்கி 213இல் நிறுத்தினார்.

"நடுவுல ஒருத்தரு."

"ஆமாங்க சார்."

"இந்தக் கட்டளைய எழுதினது யாரும்மா?"

"நான்."

"உங்க மேலதிகாரி சொல்லி எழுதினீங்களா?"

"இல்ல. நானாத்தான்."

"பலகையக் கழட்டச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

எழுதிக்கொண்டே இருந்தார். பேனா ஒருமுறை நின்றது. வேறு பேனா எடுத்தார். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். மூன்று இடங்களில் என் பெயர். பென் டிரைவ், இரண்டு அச்சுப்பிரதிகள், மே 9ஆம் பக்கத்தின் நகல். எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்தார். மிக்கேல் மீதான வழக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை, இதைச் சேர்த்து அனுப்புவேன் என்றார். என்மீது என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. ஊரைவிட்டுப் போகும்போது மட்டும் தகவல் சொல்லுங்கள் என்றார்.

வெளியே வந்தபோது ரகுநந்தன் சார் இல்லை. நான்காவது பண்ணைக்கு மறுபடி அழைத்தேன். அடித்து ஓய்ந்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடி. எடுக்கவில்லை. காற்று பலமாக இருந்தது. பேருந்து நிலையத்தில் சுவரொட்டிகள் கிழிந்து படபடத்தன. ஆய்வாளருக்குத் தகவல் அனுப்பிவிட்டு, 1:20க்குக் கயத்தாறு போகும் பேருந்தில் ஏறி, டிக்கெட் வாங்கினேன்.